திண்டுக்கல் தண்ணீரில் சிக்லிட்: வீட்டுத் தொட்டி வைத்திருப்போருக்கு ஒரு திறந்த மடல்

திண்டுக்கல் நகரிலும் அதைச் சுற்றிய சமவெளி ஊர்களிலும் வீட்டில் சிக்லிட் மீன் வளர்க்கும் அன்பர்களுக்கு,

சிக்லிட் மீனின் ஆயுள், தொட்டியில் நிற்கும் தண்ணீரையும் அதில் விழும் தீனியையும் பொறுத்தது. நீங்களோ இவ்விரண்டையும் ஒன்றோடொன்று தொடர்பில்லாத காரியங்களாக வைத்திருக்கிறீர்கள். தண்ணீர் கலங்கினால் கடையில் நீலச் சொட்டு மருந்து வாங்குகிறீர்கள். மீன் வாடினால் தீனியைக் கூட்டுகிறீர்கள். உண்மையில் இரண்டும் ஒரே கணக்கின் வரவும் செலவும். இன்று போடும் தீனி நாளைக்குள் கழிவாகத் தண்ணீரில் கலந்துவிடுகிறது. அந்தக் கழிவு எவ்வளவு கடுமையான நஞ்சாக மாறும் என்பதை உங்கள் ஊர்த் தண்ணீரின் காரத்தன்மையும் சித்திரை வெயிலும் சேர்ந்து முடிவு செய்கின்றன. வேறு ஊர்த் தண்ணீரை மனதில் வைத்துச் சொல்லப்பட்ட வளர்ப்பு முறை இங்கே தோற்றுப்போவதற்கு இதுவே காரணம்.

சிக்லிட் என்பது ஒரு பெரிய மீன் குடும்பம். ஃப்ளவர்ஹார்ன், ஆஸ்கர், ஏஞ்சல், டிஸ்கஸ், பேரட், மலாவி மீன்கள் எல்லாம் அதில் அடங்கும். குளத்திலும் கண்மாயிலும் பிடித்துச் சந்தையில் விற்கும் ஜிலேபிக் கெண்டையும் அதே குடும்பம்தான். குடும்பம் ஒன்று என்பதற்காகத் தேவை ஒன்றாகிவிடாது. அமேசான் படுகையில் தோன்றிய டிஸ்கஸுக்கு உப்பு மிகக் குறைந்த, புளிப்புத் தன்மையுள்ள தண்ணீர் இயல்பு. கிழக்கு ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி மீனுக்குக் காரத் தண்ணீர் இயல்பு. ஆகவே மீன் வாங்குமுன் கேட்கவேண்டிய முதல் கேள்வி வீட்டுக் குழாயைப் பற்றியது.

அந்தக் குழாயில் ஒரே தண்ணீர் வருவதில்லை என்பது உங்களுக்கே தெரியும். ஆத்தூர் காமராஜர் நீர்த்தேக்கம், வைகையின் பேரணை, காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஆகியவற்றிலிருந்து மாநகராட்சி வழியாக வருவது 'நல்ல தண்ணீர்'. வீட்டு ஆழ்துளைக் கிணற்றிலிருந்து ஏறுவது 'உப்புத் தண்ணீர்'. சமவெளியின் அடியில் இருப்பது சார்னோக்கைட், நைஸ் வகைக் கடும்பாறை. அதன் வெடிப்புகளில் தங்கி ஊறிய நீர் கால்சியம், மக்னீசியம், பைகார்பனேட் உப்புகளைச் சுமந்துகொண்டு மேலே வருகிறது. பல வீடுகளில் இரண்டும் ஒரே சம்ப்பில் கலந்து சின்டெக்ஸ் தொட்டிக்கு ஏறுகின்றன. மாநகராட்சித் தண்ணீர் வந்த நாளில் எடுத்த வாளிக்கும், வராத வாரத்தில் எடுத்த வாளிக்கும் உப்பின் அளவில் பெரிய வேறுபாடு இருக்கும். மீனுக்கோ இரண்டும் ஒரே குழாயிலிருந்துதான் வந்து சேர்கின்றன.

இந்த வேறுபாட்டைக் கண்ணால் காண முடியாது. அளந்துதான் அறிய வேண்டும். கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் பேனா அளவில் மலிவாகவே கிடைக்கிறது. பி.எச்., அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் ஆகியவற்றுக்குச் சொட்டு மருந்துப் பரிசோதனைப் பெட்டி போதும். ஆழ்துளைக் கிணற்று நீரை முழுமையாக அறிய விரும்பினால் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடம் இருக்கிறது. குடிநீருக்கான இந்தியத் தர அளவு, கரைந்த உப்பை லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு வழி இல்லாத இடத்தில் 2000 வரை அனுமதிக்கிறது. கடினத்தன்மைக்கு அந்த இரண்டு எல்லைகளும் 200, 600. நைட்ரேட்டுக்கு 45 என்ற ஒரே எல்லைதான். விவசாய நிலத்தை ஒட்டிய கிணறு என்றால், உரத்தின் நைட்ரேட் குழாயிலேயே வந்துகொண்டிருக்கலாம். அப்படியிருந்தால் தண்ணீரை எத்தனை முறை மாற்றினாலும் தொட்டியின் நைட்ரேட் அந்த அளவுக்குக் கீழே இறங்காது. தோல் பதனிடும் தொழிற்கூடங்களால் நிலத்தடி நீர் கெட்டுப்போன பகுதிகளில் இருப்பவர்கள், ஆழ்துளைக் கிணற்று நீரை மீன் தொட்டிக்கு எடுக்காமலிருப்பதே சரி.

"ஆப்பிரிக்க மீனுக்கு உப்புத் தண்ணீர்தான் வேண்டும்" என்ற பேச்சு உங்களிடையே பரவலாக இருக்கிறது. அதில் பாதிதான் உண்மை. மலாவி ஏரியின் பி.எச். ஏறத்தாழ 7.7 முதல் 8.6 வரை, ஆகவே காரத்தன்மையில் திண்டுக்கல் ஆழ்துளைக் கிணற்று நீர் அதற்குப் பொருந்தும். ஆனால் அந்த ஏரியில் கரைந்த உப்பு லிட்டருக்கு 200 மில்லிகிராம் அளவில்தான் இருக்கிறது. அதைவிட உப்பும் காரமும் கூடிய டாங்கனீக்கா ஏரியில்கூட 1000-ஐ எட்டுவதில்லை. 1500 காட்டும் கிணற்று நீர் இந்த ஏரிகளின் எந்தச் சிக்லிட்டுக்கும் பிறந்த ஊர்த் தண்ணீர் ஆகாது. ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுக் குழாயில் வரும் நீர் அதைவிடச் செறிவானது. சிக்கனம் கருதி அதைத் தொட்டியில் ஊற்றும் வழக்கத்தை நீங்கள் நிறுத்த வேண்டும்.

எதிர்த் திசையிலும் ஒரு தவறு நடக்கிறது. டிஸ்கஸுக்காகவும் ஏஞ்சலுக்காகவும் கேன் தண்ணீரை மட்டுமோ ஆர்.ஓ. தண்ணீரை மட்டுமோ ஊற்றுகிறீர்கள். அந்த நீரில் பைகார்பனேட் மிகக் குறைவு. தொட்டியில் நாள்தோறும் உண்டாகும் அமிலத்தைத் தாங்கும் வலு அதற்கு இல்லாததால் பி.எச். ஒரே நாளில் சரிந்துவிடக்கூடும். தீர்வு கலப்பில் இருக்கிறது. 1000 காட்டும் கிணற்று நீரில் ஒரு பங்கும் 50 காட்டும் ஆர்.ஓ. நீரில் ஒரு பங்கும் கலந்தால் 525 வரும். மலாவி, ஃப்ளவர்ஹார்ன், ஆஸ்கர், வீட்டில் பிறந்து வளர்ந்த ஏஞ்சல் ஆகியவற்றுக்கு அது போதும். ஒன்றுக்கு மூன்று என்று கலந்தால் 290 அளவுக்கு இறங்கும். டிஸ்கஸ் அந்தத் தண்ணீரில் வாழும். ஆர்.ஓ. இல்லாத வீட்டில் மழைநீர் இருக்கிறது. 2003-இல் தமிழ்நாட்டில் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்புக் குழாய் பெரும்பாலான வீடுகளில் பொருத்தப்பட்டிருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் முதல் மழையைக் கழித்துவிட்டு, அடுத்ததைக் கொசு புகாதபடி மூடிய டிரம்மில் பிடித்து வைத்தால் அதைவிட மென்மையான தண்ணீர் வேறு கிடைக்காது.

பி.எச். குறைக்கும் சொட்டு மருந்துக்கும் பாதாம் இலைக்கும் செலவிடும் பணத்தை நீங்கள் மிச்சப்படுத்தலாம். கிணற்று நீரில் பைகார்பனேட் நிறைந்திருக்கும்வரை, சேர்க்கும் அமிலத்தை அது விழுங்கிவிடும். மருந்து விட்டதும் இறங்கும் பி.எச். மறுநாள் பழைய இடத்துக்கே ஏறிவிடும். நீங்கள் மீண்டும் மருந்து விடுவீர்கள். அது மீண்டும் ஏறும். 8.2 என்ற நிலையான பி.எச்.ஐப் பெரும்பாலான சிக்லிட்கள் தாங்கும். நாளுக்கொரு தரம் 7-க்கும் 8-க்கும் இடையே ஏறி இறங்கும் பி.எச். அவற்றை வாட்டும். அதேபோல, ஏற்கெனவே கடினமான நீரில் சிப்பியும் பவளக் கல்லும் போடுவதில் மலாவி மீனுக்கும் பயன் இல்லை.

தொட்டிக்குப் போகும் ஒவ்வொரு வாளித் தண்ணீரையும் ஒரு நாள் தனியே வைத்திருக்க வேண்டும் என்பதற்கு மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது குளோரின். மாநகராட்சித் தண்ணீரில் நோய்க்கிருமி ஒழிப்புக்காகச் சேர்க்கப்படும் அது மீனின் செவுளை அரிக்கும். ஃபில்டரில் குடியிருக்கும் பாக்டீரியாவையும் கொல்லும். திறந்த டிரம்மில் காற்றுக்கல்லுடன் ஒரு நாள் வைத்தால் குளோரின் பெரும்பாலும் வெளியேறிவிடும். அவசரம் என்றால் ஹைப்போ எனப்படும் சோடியம் தயோசல்பேட் உதவும்: 1 மில்லிகிராம் குளோரினுக்கு ஏறத்தாழ 7 மில்லிகிராம் வேண்டும். இரண்டாவது, ஆழத்திலிருந்து அப்போதுதான் ஏறிய கிணற்று நீரில் ஆக்சிஜன் குறைவு, கரியமில வாயு அதிகம். காற்றோடு கலக்கக் கலக்க அதன் பி.எச். ஏறும். அந்த ஏற்றம் டிரம்மில் நடக்கட்டும், தொட்டிக்குள் வேண்டாம். மூன்றாவது வெப்பம். பங்குனியிலிருந்து ஆவணி வரை மாடியிலுள்ள சின்டெக்ஸ் தண்ணீர் பகலில் கை சுடுகிறது. மாலையில் குழாயைத் திறந்து நேராகத் தொட்டிக்கு விடுவது மீனை வெந்நீரில் தள்ளுவதற்குச் சமம்.

இனித் தீனியின் கணக்கு. மீன் தீனியின் முக்கியப் பகுதி புரதம். புரதத்தின் எடையில் 16 சதவீதம் நைட்ரஜன். மீன் அதில் ஒரு பகுதியை உடம்பாக்கிக்கொண்டு, மீதியைப் பெரும்பாலும் அம்மோனியாவாகச் செவுள் வழியே வெளியேற்றுகிறது. மீன் பண்ணைகளில் கைக்கொள்ளும் பொதுக் கணக்குப்படி 1 கிலோ தீனிக்கு ஏறத்தாழ 30 கிராம் அம்மோனியா நைட்ரஜன் உண்டாகிறது. அதாவது 1 கிராம் தீனிக்கு 30 மில்லிகிராம். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் கொண்ட தொட்டி விளிம்பு வரை நிரப்பினாலும் 57 லிட்டர்தான் கொள்ளும். அதில் நாளொன்றுக்கு 5 கிராம் தீனி போட்டால் 150 மில்லிகிராம் அம்மோனியா, லிட்டருக்கு 2.6 மில்லிகிராம். ஃபில்டர் பழகாத புதுத் தொட்டியில் அது ஒரே நாளில் சேரும் அளவு.

அம்மோனியாவின் நஞ்சு எல்லாத் தண்ணீரிலும் ஒரே மாதிரி இருப்பதில்லை. தண்ணீரில் அது இரண்டு வடிவங்களில் இருக்கும். ஒன்று மின்னேற்றம் பெற்ற அம்மோனியம். அதன் தீங்கு குறைவு. மற்றொன்று மின்னேற்றமற்ற அம்மோனியா. செவுளை ஊடுருவிக் கொல்வது அதுவே. பி.எச். 7-ம் வெப்பம் 25 டிகிரி செல்சியஸும் உள்ள தண்ணீரில் மொத்தத்தில் ஏறத்தாழ 0.6 சதவீதமே நச்சு வடிவில் இருக்கும். பி.எச். 8, வெப்பம் 30 டிகிரி என்றால் அது ஏறத்தாழ 7.5 சதவீதம். பி.எச். 8.5-ஐத் தொட்டால் 20 சதவீதம். பரிசோதனைப் பெட்டி மூன்று தொட்டிகளுக்கும் '1 மில்லிகிராம்' என்ற ஒரே நிறத்தைத்தான் காட்டும். முதல் தொட்டியில் மீன் நீந்திக்கொண்டிருக்கும். மூன்றாவதில் நஞ்சு ஏறத்தாழ 35 மடங்கு. மென்மையான, குளிர்ந்த தண்ணீர் உள்ள ஊர்க்காரர் தீனியில் செய்யும் தவறைத் தண்ணீர் மன்னித்துவிடலாம். திண்டுக்கல் சமவெளியில், கோடையில், கிணற்று நீரில் அதே தவறைச் செய்தால் மன்னிப்பு கிடையாது. தீனியை அளந்து போடச் சொல்வது இந்தக் காரணத்தால்தான்.

வெப்பம் இன்னொரு வகையிலும் நெருக்குகிறது. 25 டிகிரியில் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும் தண்ணீர், 32 டிகிரியில் 7.3 அளவையே தாங்கும். மீனின் தேவையோ வெப்பத்தோடு கூடுகிறது. நீர்மட்டத்தின் மீது சிறு மின்விசிறி வைத்தால் வெப்பம் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். நீர்ப்பரப்பு அசைவதால் ஆக்சிஜனும் சேரும். ஆனால் தண்ணீர் வேகமாக ஆவியாகும். அங்கேதான் உங்களில் பலர் அறியாமல் செய்யும் பெரிய பிழை தொடங்குகிறது.

ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டுமே. உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. 200 லிட்டர் தொட்டியில் வாரத்துக்கு 20 லிட்டர் ஆவியாகிறது என்று கொள்வோம். அந்தக் குறையை 1000 டி.டி.எஸ். கிணற்று நீரால் நிரப்பினால் வாரந்தோறும் 20 கிராம் உப்பு புதிதாகச் சேரும். லிட்டருக்கு 100 மில்லிகிராம் உயரும். பத்து வாரத்தில் 1000 என்பது 2000 ஆகிவிடும். கண்ணாடியின் மேல்விளிம்பில் படியும் வெள்ளைக் கோடு இதற்குச் சாட்சி. குறைந்த தண்ணீரை ஊற்றி நிரப்புவதைத் தண்ணீர் மாற்றுவதாக எண்ணிக்கொள்ளாதீர்கள். ஆவியான இடத்தை ஆர்.ஓ. நீராலோ மழைநீராலோ நிரப்புங்கள். அழுக்கு நீரை வெளியேற்றிய பின்பே கலவை நீரை ஊற்றுங்கள்.

எவ்வளவு வெளியேற்ற வேண்டும் என்பதையும் தீனியே சொல்கிறது. பழகிய ஃபில்டரில் ஒரு வகைப் பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், வேறொரு வகை அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரேட்டின் நஞ்சு மிகவும் குறைவு. ஆனால் அது தானாகப் போகாது. 100 லிட்டர் தொட்டியில் நாளுக்கு 2 கிராம் தீனி போட்டால் வாரத்தில் லிட்டருக்கு ஏறத்தாழ 19 மில்லிகிராம் நைட்ரேட் சேரும். வாரம் ஒருமுறை பாதித் தண்ணீரை மாற்றினால் அது 38-க்கு மேல் ஏறாமல் நிற்கும். கால் பங்கு மட்டும் மாற்றினால் 76 வரை போய்த்தான் நிற்கும். மாற்றாமல் நிரப்பிக்கொண்டே வந்தால் எல்லையே இல்லை. குழாய் நீரிலேயே நைட்ரேட் இருந்தால் அதையும் இதோடு கூட்டிக்கொள்ள வேண்டும். தலையில் குழி விழும் ஆஸ்கரும், நிறம் மங்கிப்போன ஃப்ளவர்ஹார்னும் வாழும் தொட்டிகளில் தண்ணீர் பெரும்பாலும் பழையதாகவே இருக்கும்.

"தண்ணீர் மாற்றினால் மீன் செத்துப்போகிறது" என்பது உங்கள் பதில். அது பொய்யும் அல்ல. இரண்டு மாதம் தொடாமல் வைத்திருந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மீனை வாளியில் போட்டு, கல்லையும் ஃபில்டர் ஸ்பாஞ்சையும் குழாயடியில் பளிச்சென்று கழுவி, சின்டெக்ஸ் தண்ணீரை நேராக நிரப்பினால் மீன் சாகத்தான் செய்யும். அந்த ஒரு நாளில் பாக்டீரியாக் குடியிருப்பு அழிகிறது. உப்பின் அளவு திடீரென்று மாறுகிறது. குளோரினும் வெப்பமும் சேர்ந்து தாக்குகின்றன. மீனைக் கொல்வது மாற்றிய முறையே. வாரந்தோறும் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை, ஊறவைத்த, அளந்த தண்ணீரால் மாற்றுங்கள். ஸ்பாஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த அழுக்குத் தண்ணீரிலேயே பிழியுங்கள். புதுத் தொட்டியில் ஃபில்டர் பழக நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அதுவரை தீனியும் மீனும் குறைவாகவே இருக்கட்டும். தண்ணீர்ப் பஞ்சம் அறிந்த ஊரில் இவ்வளவு நீரைக் கொட்டுவதா என்று கேட்பீர்கள். அந்த நீரில் இருப்பது நைட்ரேட் உரம். உப்பு மிகாத கலவை நீர் என்றால் முருங்கைக்கும் கறிவேப்பிலைக்கும் அப்படியே பாயட்டும்.

மின்தடையும் இந்தக் கணக்கில் வரும். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை முதல் மாலை வரை மின்சாரம் நிறுத்தப்படும் நாள் முன்கூட்டியே நாளிதழில் வந்துவிடுகிறது. ஃபில்டர் நின்றால் சில மணி நேரத்தில் அதற்குள் ஆக்சிஜன் தீர்ந்து பாக்டீரியா மடியத் தொடங்கும். முந்தின நாள் மாலையிலிருந்தே தீனியை நிறுத்திவிடுங்கள். பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். நீண்ட நேரம் நின்ற கேனிஸ்டர் ஃபில்டரை, உள்ளே தேங்கிய தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி ஓட விடுங்கள்.

என்ன தீனி என்பது மீனின் குடலைப் பொறுத்தது. மலாவியின் பாறை மீன்களான ம்புனாக்களில் பெரும்பாலானவை பாறைமேல் படரும் பாசியைச் சுரண்டித் தின்பவை. அவற்றின் குடல் நீளமானது. அவற்றுக்குப் புழுவும் இறைச்சியும் தொடர்ந்து கொடுத்தால் வயிறு ஊதி இறக்கக்கூடும். ஸ்பைருலினா கலந்த தீனியும், ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து வரும் பச்சைப் பட்டாணியை வேகவைத்துத் தோலுரித்ததும், வெள்ளரித் துண்டும் அவற்றுக்கு ஏற்றவை. மாட்டுத் தீவனத்துக்காக வளர்க்கும் அசோலாவையும் கொஞ்சம் போட்டுப் பார்க்கலாம். அதே ஏரியின் பீகாக் வகைகள் மணலில் சிற்றுயிர்களைத் தேடி உண்பவை; எலெக்ட்ரிக் யெல்லோ பூச்சியுண்ணி. ஆகவே எல்லா மலாவி மீனுக்கும் ஒரே தீனி என்பதும் பிழை. ஆஸ்கரும் ஃப்ளவர்ஹார்னும் புரதம் மிகுந்த பெல்லட் தீனியைச் செரிக்கும். வாரத்தில் ஓரிரு முறை இறால், சுத்தமான மண்புழு, உறைந்த ரத்தப்புழு ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுக்கலாம். டிஸ்கஸுக்கு 28 முதல் 30 டிகிரி வெப்பமும், சிறிய அளவில் நாளுக்கு மூன்று வேளையும் தேவை. அந்த மூன்று வேளைக்கு ஈடாகத் தண்ணீரும் அடிக்கடி மாறவேண்டும்.

எவற்றைக் கொடுக்கக் கூடாது என்பதிலும் உங்களிடம் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. ஆட்டு ஈரலும் கோழித் தோலும் வேண்டாம். பாலூட்டி, பறவைகளின் கொழுப்பை மீனின் உடல் சரியாகக் கையாளாது. சாக்கடையில் அள்ளி விற்கும் டியூபிஃபெக்ஸ் புழுவோடு நோயும் வீட்டுக்கு வருகிறது. ஆஸ்கர் பாய்ந்து விழுங்குவதை விருந்தாளிகளுக்குக் காட்டுவதற்காகத் தங்கமீன் குஞ்சுகளைப் போடுகிறீர்கள். தங்கமீனில் உள்ள தயாமினேஸ் என்னும் நொதி, அதைத் தின்னும் மீனின் உடலிலுள்ள பி1 வைட்டமினைச் சிதைக்கிறது. குஞ்சோடு ஒட்டுண்ணியும் உள்ளே போகிறது. பொரியும் ரொட்டியும் தண்ணீரைக் கெடுப்பதற்கே உதவும். ஃப்ளவர்ஹார்னின் தலை பெருக்கவும் நிறம் ஏற்றவும் ஹார்மோன் கலந்த தீனிகள் சந்தையில் உலவுகின்றன. தீனியின் உட்பொருள் அச்சிடப்படாத எந்தப் பொட்டலத்தையும் வாங்காதீர்கள்.

அளவுக்கு ஒரு நேர்மையான வழி உண்டு. வளர்ந்த சிக்லிட்டுக்கு நாளொன்றுக்கு அதன் எடையில் 1 முதல் 2 சதவீதம் போதும். 300 கிராம் ஃப்ளவர்ஹார்னுக்கு அது 3 கிராமிலிருந்து 6 கிராம். கோடையில் கீழ் எல்லையிலேயே நில்லுங்கள். சமையலறைத் தராசில் ஒருமுறை 3 கிராமை நிறுத்து, எத்தனை உருண்டை என்று எண்ணி வைத்துக்கொண்டால் பிறகு தராசு தேவையில்லை. அதை இரண்டு வேளையாகப் பிரித்து, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுக்குப் போட்டு, மிச்சத்தை வலையால் எடுத்துவிட வேண்டும். வாரத்தில் ஒரு நாள் பட்டினி நல்லது. ஆள் வரும்போதெல்லாம் கண்ணாடிக்கு ஓடிவந்து வாய் திறப்பது சிக்லிட்டின் பழக்கம். அதைப் பசி என்று நம்பி வீட்டில் நான்கு பேரும் ஆளுக்கு ஒரு சிட்டிகை போடுவதுதான் பல தொட்டிகளின் கதை. தீனி போடும் பொறுப்பு ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும். மூட்டையிலிருந்து அள்ளித் தரும் திறந்த தீனியில் வைட்டமின் சி முதலில் அழியும், பிறகு எண்ணெய் காறிப்போகும். சிறு பொட்டலமாக வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில், வெயில் படாத இடத்தில் வைத்து, ஒன்றிரண்டு மாதத்தில் தீர்த்துவிடுங்கள்.

தொட்டியின் அளவு சிறியதாக இருந்தால் மேலே சொன்ன எதுவும் பலிக்காது. ஆஸ்கரும் ஃப்ளவர்ஹார்னும் ஓரடி நீளம் வளரும். அவற்றுக்கு நாலடி நீளமும் ஒன்றரையடி அகல உயரமும் உள்ள, 250 லிட்டர் கொள்ளும் தொட்டிதான் தொடக்கம். அதிர்ஷ்டம் என்று சொல்லிக் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் இரண்டடித் தொட்டியில் ஃப்ளவர்ஹார்னை அடைத்து வைத்திருப்பவர்கள், அதே 3 கிராம் தீனியின் அம்மோனியா அங்கே நான்கு மடங்குக்கும் மேல் செறிந்து நிற்கிறது என்பதை அறிய வேண்டும். இடம் இல்லாதவர்களுக்கு நம் மண்ணிலேயே ஒரு சிக்லிட் இருக்கிறது. இந்தியாவுக்கு உரிய சிக்லிட் இனங்கள் மூன்றே. அவற்றில் ஒன்றான ஆரஞ்சு குரோமைடு தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் நன்னீரிலும் உவர்நீரிலும் வாழ்வது. விரல் நீளம்தான் வளரும். கடினமான காரத் தண்ணீர் அதற்கு இயல்பானது. மூன்றடித் தொட்டியில் ஒரு சிறு கூட்டத்தை வளர்க்கலாம். தாயும் தந்தையும் சேர்ந்து குஞ்சுகளைக் காக்கும். குஞ்சுகள் பெற்றோரின் தோல் சுரப்பைக் கொத்தித் தின்று வளரும். திண்டுக்கல் தண்ணீரோடு போராடாமல் சிக்லிட் வளர்க்க இதுவே நேர்வழி.

அளவுக்கு மீறி வளர்ந்த மீனைக் குளத்தில் விடுவது எந்த நிலையிலும் தீர்வாகாது. மொசாம்பிக் திலாப்பியா என்னும் ஜிலேபிக் கெண்டை 1952-இல் உணவுக்காக இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்டது. இன்று அது இல்லாத கண்மாயைத் தேட வேண்டியிருக்கிறது. உள்ளூர்க் கெண்டைகளின் இடத்தை அது பிடித்துக்கொண்டது. தொட்டி சுத்தம் செய்யும் என்று விற்கப்படும் சக்கர் மீனும் தமிழ்நாட்டு ஏரிகளில் பெருகி மீனவர்களின் வலையைக் கிழிக்கிறது. வேண்டாத மீனை வாங்கிய கடையிலோ இன்னொரு வளர்ப்பாளரிடமோ ஒப்படையுங்கள். குடகனாற்றிலும் ஊர்க் குளத்திலும் விடாதீர்கள்.

ஆகவே உங்களிடம் கேட்பவை இவை. மீன் வாங்குமுன் வீட்டுத் தண்ணீரை அளந்து, அந்தத் தண்ணீரில் வாழக்கூடிய மீனை மட்டும் வாங்குங்கள். தீனியை எண்ணிப் போடுங்கள். கோடையில் இன்னும் குறையுங்கள். வாரத்தில் ஒரு நாளைத் தண்ணீர் மாற்றும் நாளாகக் குறித்துவைத்து, ஆவியானதை மென்னீராலும் அழுக்கானதை ஊறவைத்த கலவை நீராலும் ஈடு செய்யுங்கள். இவற்றைச் செய்ய நேரமோ தண்ணீரோ இடமோ இல்லை என்றால், அந்த நிலை மாறும்வரை சிக்லிட் வாங்காதீர்கள்.